சௌசௌ பந்தல் போட்ட வீடு

பெரியம்மாவுக்கு வீட்டு விலாசம் கிடையாது. கோத்தகிரியிலிருந்து இத்தனை வருடமும் நாங்கள் போட்ட கடிதங்கள் தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், கந்தப்பளை, நுவரெலியா என்ற நாலு வரியில் போனவை. லயம் என்ற வரிசை வீட்டுக்கு எண் இல்லை, அதில் அவர் இருக்கும் காம்பராவுக்கும் எண் இல்லை. தபால் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடக்கும். அந்தப் பக்கம் போன யாராவது பார்த்து எடுத்து வந்தால் உண்டு. என் அக்காவின் கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் முடிந்து இருபது நாள் கழித்துத்தான் அவர் கைக்குப் போனது. “பத்திரிகை ரொம்ப லட்சணமா இருக்கு” என்று பதில் எழுதியிருந்தார்.

2024 பிப்ரவரியில் நானே நேரில் போனபோது விலாசம் தேவைப்படவில்லை. நுவரெலியாவில் கந்தப்பளை பஸ் ஏறி டிவிசன் பெயரைச் சொன்னேன். யார் வீட்டுக்கு என்று கேட்டார் கண்டக்டர். சொன்னேன். அவர் யோசிப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, “அந்தப் பெரிய சௌசௌ பந்தல் போட்ட வீடுதானே, கோயிலடியில இறக்கி விடுங்க” என்றார்.

அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, பிறந்து வளர்ந்ததும் இந்த லயத்தில்தான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். கணக்கு நாட்டுக்குச் சரியாக வந்தது. எங்கள் வீட்டில் அம்மாயி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், அவர் தங்கை இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தங்கையின் மகள்தான் பெரியம்மா. தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மலைநாட்டில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பேர் விழுந்துவிட்டது. அதில் ஏறி, கப்பலில் ராமேசுவரம் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கடைசியில் அம்மாயி வந்து சேர்ந்தது கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து.

கோத்தகிரிச் சந்தையில் அம்மாயி கடைசிவரை “அரைக் கிலோ போஞ்சி, ஒரு கோவா” என்றுதான் கேட்பார். பீன்சும் முட்டைக்கோசும் என்று கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்தும், “சிலோன்காரம்மா என்னமோ கேக்குறாங்க” என்று பக்கத்துக் கடைக்குச் சத்தம் போட்டுச் சிரிப்பார். இங்கே கந்தப்பளைக் கடைத்தெருவில் இறங்கியதும் எல்லாக் கடையிலும் போஞ்சி, கோவா, கரட், ராபு என்று பலகை தொங்கியது. அம்மாயி ஊர் அது.

கொழும்பிலிருந்து வரும்போது ரயிலில் நானுஓயா வரை. 1885இல் வெள்ளைக்காரன் தேயிலையை இறக்குவதற்குப் போட்ட பாதை, இப்போது வெளிநாட்டுப் பயணிகள் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். அங்கிருந்து நுவரெலியா நகரம். 1,868 மீட்டர் உயரம், விக்டோரியா பூங்கா, கிரகரி ஏரி, குதிரைப் பந்தயத் திடல், செங்கல் தபால் நிலையம். ஊட்டியைப் பார்த்த கண்ணுக்கு இவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. ஊட்டியைவிடச் சுத்தம் என்பதை மட்டும் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

லயம் பற்றிப் படித்திருக்கிறேன், படம் பார்த்திருக்கிறேன். அதன் நீளத்தைப் படத்தில் உணர முடியாது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்று இவர்கள் சொல்லும் சின்னத் திண்ணை, அதை அடைத்து ஒரு அடுப்படி. நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ராத்திரி நான் தும்மினால் இரண்டு காம்பரா தள்ளி ஒரு குரல், “புது ஆளுக்குக் குளிர் ஒத்துக்கல போல” என்கிறது. ரகசியம் பேசவேண்டுமென்றால் பீலிக்கரைக்குப் போவார்களாம். அங்கே தண்ணீர் விழும் சத்தம் காப்பாற்றும்.

வந்த அன்று சாயங்காலம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பெரியம்மாவிடம், “உங்க தோட்டத்தைப் பார்க்கணுமே” என்றேன். அவர் வாசலில் நின்று எதிரே இருந்த மூன்று மலையையும் கையால் ஒரு வளைவு காட்டினார். “பாரு. இம்புட்டும் தோட்டந்தான்.”

இங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம், கம்பெனிக்குச் சொந்தமானது. வீட்டுக்குப் பின்னால் கிடப்பதற்கு ஒட்டுச்சொல் தேவைப்படுகிறது, மரக்கறித் தோட்டம் என்று. தோட்டத்து மக்கள் என்று உலகம் இவர்களைச் சொல்கிறது. அந்த மலைகளில் ஒரு கைப்பிடி மண்ணும் இவர்கள் பேரில் இல்லை. 1972க்கும் 1975க்கும் இடையே தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளுக்கு விட்டது. துரை மாறினார், ஆபீஸ் பலகை மாறியது. லயத்துக்குப் பின்னாலுள்ள மண்ணைக் கொத்திக்கொள்ள யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தேயிலைக்கு உதவாத சரிவு, கான் என்று இவர்கள் சொல்லும் வாய்க்காலின் ஓரம், கல்லுக்காடு. அதுதான் பெரியம்மாவின் மரக்கறித் தோட்டம். என் நடையில் நாற்பது தப்படி நீளம், அகலத்தை அளக்க முடியாது, சரிவு அப்படி.

அதை ஐந்து படியாக வெட்டியிருந்தார். கல் அடுக்கி, கல் கிடைக்காத இடத்தில் உரமூட்டைப் பையில் மண் நிரப்பி அணை கட்டியிருந்தார். மேல் படியில் போஞ்சி. அதற்கு ஊன்றுகோல் மிலாறு. தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறபோது விழும் கிளைகளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பேர் அது. காய்ந்தால் விறகு, நட்டால் வேலி, கட்டினால் பந்தல். எங்கள் நீலகிரியில் அதே கிளை விழுகிறது, அதே அடுப்பில் எரிகிறது, இப்படி ஒரு தனிப் பேரை நான் கேட்டதில்லை. அடுத்த படி லீக்ஸ், அதற்குக் கீழே கரட், உருளைக்கிழங்கு, ஓரத்தில் மரத்தக்காளி. கடைசிப் படியில் கானை ஒட்டி அந்தப் பிரசித்தி பெற்ற சௌசௌ பந்தல். சுற்றிலும் வேலியாகப் பழைய சேலைகள். பச்சை, ஊதா, ஒரு கல்யாணச் சேலையின் ஜரிகைக் கரை. பன்றிக்குச் சேலை அசைந்தால் ஆள் நிற்பதாகத் தெரியுமாம். “பன்னி நம்புதா?” என்று கேட்டேன். “முதல் மாசம் நம்பும்” என்றார்.

பெரியம்மாவின் நாளில் இந்தத் தோட்டத்துக்கு இடம் கிடைப்பது இரண்டு ஓரங்களில். விடிவதற்கு முன் அரை மணி நேரம். பிறகு ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டும். நாள் முழுக்க மலையில் கொழுந்து. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற கிலோக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளமாக, அப்போது 1,000 ரூபாய், 2021இல் போட்டது. சாயங்காலம் நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்புப் படங்கைக் கூட அவிழ்க்காமல் நேரே லீக்ஸ் பாத்திக்கு.

லீக்ஸுக்கு மண் அணைப்பதை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வெங்காயத்தாள் போல் எழும்பி நிற்கும் தண்டின் அடியில், இரண்டு பக்கமும் மண்ணைக் கையால் ஏற்றி, உள்ளங்கையால் ஒருமுறை தட்டுகிறார். வெயில் படாத அளவுக்குத் தண்டு வெள்ளையாக நீளும். மண்வெட்டியால் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் குருத்துக்குள் மண் போய்விடும், சமைக்கும்போது பல்லில் நறநறக்கும். அதனால் கைதான். கொழுந்து கிள்ளி விரல்நுனியெல்லாம் கறுத்துக் கீறியிருந்த அந்தக் கை, ஒவ்வொரு தண்டையும் பிடித்த பிடியில் அவசரம் தெரியவில்லை. எங்கள் பக்கம் லீக்ஸ் ஓட்டலுக்குப் போகும் பண்டம். இங்கே பருப்பில் போடுகிறார்கள், பச்சைத் தாளையும் விடாமல். ராத்திரி அதைச் சாப்பிட்டபோது நறநறப்பு இல்லை.

விடியற்காலை வேலை வேறு. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் இங்கே துகள் பனி விழும். விடியும்போது புல் மேல் உப்பு தூவினது போல் இருக்கும், பார்க்க அழகு. வெயில் ஏறினதும் தேயிலைக் கொழுந்தும் உருளை இலையும் வெந்தது போல் கருகும். அதனால் பெரியம்மா சூரியன் மலைக்கு மேல் வருவதற்குள் ஒரு வாளியும் தேங்காய்ச் சிரட்டையுமாக இறங்கி இலைகளைக் கழுவிவிடுகிறார். நானும் ஒருநாள் இறங்கினேன். மூன்றாவது வாளியில் என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. பக்கத்துக் காம்பரா அக்கா தன் பாத்தியில் நின்றபடி என்னைப் பார்த்து, “இந்தியாவில பனி இல்லையா தம்பி?” என்றார். இருக்கிறது அக்கா, எழுந்திருக்கிற பழக்கம்தான் இல்லை.

இந்த அக்காவுக்கும் பெரியம்மாவுக்கும் இடையே ஒரு கான் ஓடுகிறது, ஒரு முழ அகலம். அதுதான் எல்லை. அதைத் தாண்டி ஒருவர் பாத்தியில் இன்னொருவர் கால் வைப்பதில்லை. கால்தான் வைப்பதில்லை, மற்றபடி எல்லாம் போகிறது, வருகிறது. இந்தப் பக்கத்து நாற்று அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துச் சாணி இந்தப் பக்கம். அக்கா வீட்டில் இரண்டு மாடு. 2021இல் அரசாங்கம் ஒரே நாளில் ரசாயன உரத்தை நிறுத்தியதே, அப்போது மலையெங்கும் கோவா கைமுட்டி அளவில் நின்றுவிட்டதாம். நவம்பரில் தடையை எடுக்கும்வரை இந்த லயத்தில் அக்காதான் ராஜாத்தி. கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் மரக்கறி போடும் சிங்கள முதலாளி, முன்பெல்லாம் மாட்டை விரட்டக் கல்லெறிந்தவர், சாக்கோடு வந்து நின்றிருக்கிறார். சாணி மூட்டைக்கு என்ன விலை வாங்கினீர்கள் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். “காசு வாங்கல. கல்லு எறிய மாட்டேன்னு சொல்ல வச்சேன்.” இப்போது அவர் தன் கரட் விதையில் மிஞ்சியதை இவர்களுக்குக் கொடுக்கிறார். சிங்களமும் தமிழும் கலந்து ஓடைக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாகச் சத்தம் போட்டுத்தான் பேச்சு.

நான் போவதற்கு முந்தின மாதம் கொழும்பில் கரட் கிலோ 2,000 ரூபாயைத் தொட்டிருந்தது. மழை அழித்தது, விளைச்சல் இல்லை. இரண்டு நாள் மலையேறிக் கொழுந்து கிள்ளினால் ஒரு கிலோ கரட். அந்த வாரங்களில் அந்த முதலாளி தன் வயலில் குடிசை போட்டு டார்ச்சோடு படுத்திருந்தாராம், திருடனுக்குப் பயந்து. பெரியம்மாவின் பாத்தியிலும் ஏழெட்டுக் கிலோ கரட் இருந்திருக்கிறது. “வித்தீங்களா?” “அரைவாசி வித்தேன். மீதியைச் சாப்பிட்டோம். ரெண்டாயிரம் ரூவாக் கரட் எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா?”

இந்த மலைகளில் முதலில் ஐரோப்பிய மரக்கறி போட்டவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். பின்னால் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் பேர் வாங்கியவர் இவர்தான். 1848இல் மாடு, ஆடு, கலப்பை, வேலைக்காரர்கள் என்று ஒரு இங்கிலாந்துப் பண்ணையையே கப்பலில் ஏற்றி நுவரெலியாவில் இறக்கினார். மாடு செத்தது, பயிரைப் புழுவும் மரையும் காட்டுப் பன்றியும் தின்றன. அதையெல்லாம் ஒளிக்காமல் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டி, நீலகிரியில் இங்கிலீஷ் காய்கறியைப் பரப்பிய ஜான் சல்லிவனுக்குச் சிலை இருக்கிறது. பேக்கரைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னேன். பன்றி தின்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவரு சேலை கட்டலையா?”

பூக்களின் கதை வேறு வழியில் வந்தது. ஒவ்வொரு காம்பரா வாசலிலும் பழைய மாவு டின்னிலும் உடைந்த குடத்திலும் டேலியா, ரோஜா, ஹைட்ரேஞ்சியா. யார் கொடுத்தது என்றால் எல்லோரும் மேலே பங்களாவைக் காட்டிச் சிரிக்கிறார்கள். துரை பங்களாவில் பூந்தோட்ட வேலைக்குப் போனவர்கள் லயத்து ஆட்களே. போகும்போது வெறுங்கை, வரும்போது மடியில் ஒரு கிழங்கு. பெரியம்மாவின் அப்பா, அதாவது என் சின்னத் தாத்தா, கொண்டைக்குள் ரோஜாக் குச்சியை வைத்துக்கொண்டு துரைக்கு எதிரிலேயே கும்பிட்டுவிட்டு வந்த கதையை லயமே சொல்கிறது. ஆண்கள் குடுமி வைத்திருந்த காலத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம். ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி, கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதன் பாதிச் செடி இந்த டின்களில் நிற்கிறது.

பசியின் நினைவும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. 1973, 74இல் மாவு கிடைக்காமல், அரிசி கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். அம்மாயி அதைப் பற்றிக் கோத்தகிரியில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பெரியம்மா திறந்தார். அப்போது அவருக்குப் பத்து வயது. இந்தக் கடைசிப் படியில் அம்மாயி ஊன்றிய சௌசௌதான் லயத்தில் பாதிப் பேரைத் தாங்கியதாம். காயைத் தின்றார்கள், கொழுந்து இலையைக் கடைந்து தின்றார்கள், கடைசியில் வேரடியில் கிழங்கையும் தோண்டித் தின்றார்கள். கிழங்கைத் தோண்டினால் கொடி போச்சு. “அக்கா அழுதுக்கிட்டே தோண்டுனாங்கன்னு அம்மா சொல்லும்.” அதற்கு அடுத்த வருடம் அம்மாயி கப்பல் ஏறினார். இப்போது பந்தலில் கிடப்பது அதே கொடியா என்று கேட்க வாய் வந்தது. கிழங்கு போன கொடி எப்படி அதாகும்? பக்கத்து அக்காவின் மாமியார் தன் காயில் ஒன்றைக் கொடுத்து மறுபடி வைத்தது, என்றார் பெரியம்மா, நான் கேட்காமலே.

நான் போனபோது லயத்தில் பேச்சு தனிவீடு பற்றி. இந்திய உதவியோடு மலையகத்தில் கட்டும் வீடுகள், ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம், உறுதிப் பத்திரத்தோடு என்கிறார்கள். ஏழு பேர்ச் என்பது நம் கணக்கில் நாலரை சென்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் வீடு, கக்கூஸ், பாதை போக என்ன மிஞ்சும்? ஆனாலும் பெயருக்கு நிலம். முந்தின வருடம்தான் மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்கள்; இந்த லயத்திலிருந்தும் ஒரு பையன் போய், கொப்புளத்தோடு திரும்பி வந்தானாம். பெரியம்மாவின் மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். அவனுக்குத் தனிவீடு வேண்டும், நடுச்சுவர் கூரையைத் தொடும் வீடு. பெரியம்மாவுக்கும் வேண்டும். வேண்டாம் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. லயத்து வாழ்க்கையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரி அந்தத் தகரத்தின் கீழ் படுத்துப் பார்க்கட்டும். அவருக்கிருந்த கவலை ஒன்றுதான். புது வீடுகள் வரும் இடம் மொட்டை மேடு, கான் இல்லை. சௌசௌவுக்குத் தண்ணீர் கால்மாட்டில் ஓட வேண்டும். அப்புறம் பக்கத்து அக்காவுக்கு எந்த வரிசையில் வீடு விழுமோ.

“சீட்டுக் குலுக்கித்தான் குடுப்பாங்களாம்” என்றார் கானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, காதில் விழுந்த பேச்சுக்குப் பதிலாக.

கிளம்புகிற அன்று ஒரு பையில் லீக்ஸ், மரத்தக்காளி, பொட்டலம் கட்டிய தேயிலை. மேலே ஒரு சௌசௌ. முளைத்தது. சௌசௌவுக்கு விதை தனியாக எடுக்க முடியாது. காய் முழுசாகவே விதை. அடுப்படிப் பரணில் கிடந்து, நுனி பிளந்து, வெளிறிய பச்சையில் இரண்டு விரல் நீளம் நீண்டு, சுருள் ஒன்று பிடிமானம் தேடி வளைந்திருந்தது. “கோத்தகிரியில வை. உங்க அம்மாயி ஆசைப்பட்டாங்க.” பெரியம்மா, முளைத்த காயைக் கடல் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். எங்கள் ஊரிலும் இது காய்க்கிறது, மேரக்காய் என்று பேர், வேலிக்கு வேலி தொங்குகிறது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, முளை ஒடியாமல் இருக்கப் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பையின் மேலாக வைத்தார்.

நானுஓயாவில் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றார்கள். மலைப்பாதை ஸ்டேஷன்களுக்கே உரிய மாதிரி இங்கும் நடைமேடை நீளத்துக்குப் பூந்தொட்டிகள், பாத்திகள். லீக்ஸைக் கொழும்பில் தங்கும் வீட்டில் கொடுத்துவிடலாம். தேயிலை ஊருக்கு வரும். சேலைத் துண்டைப் பிரித்துப் பார்த்தேன். சுருள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நடைமேடை முடிகிற இடத்தில் கம்பி வேலி, அடியில் ஈர மண், பக்கத்தில் கான். சாவிக்கொத்தால் மண்ணைக் கீறி, காயைப் பாதி புதைத்து, முளை வெளியே தெரிய வைத்துக் கொண்டிருந்தேன். பின்னால் ஒரு நிழல். ரயில்வே சட்டை போட்ட வயதானவர், கையில் பூவாளி.

“என்னங்கய்யா புதைக்கிறீங்க?”

“சௌசௌ.”

குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, காயை அலுங்காமல் எடுத்து இரண்டடி தள்ளித் தூணடியில் வைத்தார்.

“அங்க புல்லு வெட்ட வருவானுங்க. இங்க இருக்கட்டும்.”